அஞ்சாவது கேள்வி மட்டும் காலியா இருக்கு: நம்ம சபை செஷனுக்கு ஒரு திறந்த மடல்

சபைய ஆளுற செஷன்ல உக்கார்ற போதகர் ஐயாவுக்கும் மூப்பர் அண்ணன்மார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மெம்பர்ஷிப் ஃபார்ம் குடுத்தீங்க, அதுல நாலு கேள்விக்கு நேரா டிக் போட்டுட்டேன், அஞ்சாவது காலியா இருக்கு, அது ஏன் காலியா இருக்குன்னு சொல்றதுக்கு தான் இந்த லெட்டர். நேர்ல வந்து சொல்லலாமேம்மான்னு கேப்பீங்க. நேர்ல சொன்னா நீங்க ஒரு ஜெபம் பண்ணி, கர்த்தர் பாத்துப்பார்னு சொல்லி அனுப்பி வச்சிருவீங்க, நானும் தலைய ஆட்டிட்டு வந்துருவேன், கேள்வி அப்படியே கெடக்கும். அதோட கடைசி வரிசையில உக்காந்து ஆசீர்வாதம் சொன்ன உடனே எந்திரிச்சு போயிடற ஆளுங்க எல்லா சபையிலயும் இருக்காங்க, சேரலாமா வேணாமான்னு அவங்க மனசுலயும் இதே தான் ஓடிட்டு இருக்கும், ஆனா கேக்க மாட்டாங்க. அவங்களுக்கும் சேத்து தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், எனக்கு இந்த சபை பிடிச்சிருக்கு. பிரசங்கம் எடுத்த வேத பகுதிய விட்டு அங்க இங்க ஓடாது, யாரும் மைக்க பிடிச்சுட்டு கத்துறதில்ல, பாவ அறிக்கைய எல்லாரும் சேந்து வாசிக்கிறோம், அப்புறம் மன்னிப்போட வசனத்த போதகர் வாசிக்கிறார், அந்த ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் யாரும் பேசாம விடுறீங்க பாருங்க, அதுக்காகவே வரலாம். ஆனா பிடிச்சிருக்கறதும் மெம்பர் ஆகுறதும் ஒண்ணு இல்ல. பிடிச்சா வந்துட்டு போலாம், பிடிக்கலன்னா நின்னுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. மெம்பர்னா சபை முன்னாடி எந்திரிச்சு நின்னு வாக்கு குடுக்கணும்.

ஃபார்ம்ல இருக்கிற அஞ்சு கேள்வியும் நீங்களா உக்காந்து எழுதினது இல்லன்னு தெரியும், அமெரிக்காவுல பிசிஏன்னு சொல்ற பிரெஸ்பிட்டேரியன் பிரிவோட சபை சட்டத்துலயும் கிட்டத்தட்ட இதே அஞ்சு தான் இருக்கு. நான் பாவி, தேவனோட இரக்கம் இல்லாம எனக்கு வேற நம்பிக்கை இல்லன்னு ஒத்துக்கறேனா, இயேசு கிறிஸ்துவ தேவகுமாரனா, பாவிகளோட இரட்சகரா விசுவாசிச்சு அவர மட்டுமே சாந்திருக்கேனா, பரிசுத்த ஆவியானவரோட கிருபைய நம்பி கிறிஸ்துவ பின்பற்றுறவங்களுக்கு தகுந்த மாதிரி வாழ முயற்சி எடுப்பேனா, சபையோட ஆராதனைக்கும் ஊழியத்துக்கும் என்னால முடிஞ்ச அளவு தாங்கலா இருப்பேனா. இது நாலுக்கும் ஆமான்னு சொல்ல எனக்கு தயக்கமே இல்ல. அஞ்சாவது தான், சபையோட ஆளுகைக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் என்னைய ஒப்புக்குடுத்து, சபையோட தூய்மைக்கும் சமாதானத்துக்கும் பாடுபடுவேனாங்கறது. இதுல பேனா நின்னு போச்சு.

ஏன்னு சொல்லணும்னா நான் முன்னாடி இருந்த சபைய பத்தி கொஞ்சம் சொல்லியாகணும், பேரு வேணாம். அங்க மெம்பர்ஷிப்னு ஒண்ணு கெடையாது, வாக்கு கெடையாது, ஃபார்ம் கெடையாது. கேக்க ரொம்ப சுதந்திரமா இருக்கும், "நாங்க டினாமினேஷன் இல்ல, எங்களுக்கு ஆவியானவர் தான் தலைவர்"னு சொல்லுவாங்க. நடைமுறையில தலைவர் ஒரே ஒரு ஆளு, அவரும் அவரு வீட்டம்மாவும் மச்சானும் தான் டிரஸ்ட். எங்க கூட பாட்டு டீம்ல இருந்த ஒரு அக்கா, கட்டட நிதிக்கு கணக்கு காட்டுவீங்களான்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க, அதுவும் தனியா, மரியாதையா. அடுத்த வாரம் பிரசங்கத்துல "சபைக்குள்ள யேசபேலின் ஆவி வந்துருக்கு"ன்னு, வேதத்துல வர்ற அந்த கெட்ட ராணி பேர சொல்லி வந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப் குரூப்ல இருந்து அவங்க நம்பர் போச்சு, அதுக்கப்புறம் நாங்க யாரும் அவங்க வீட்டுக்கு போகக்கூடாதுன்னு வாய்மொழி உத்தரவு. அந்த அக்கா எங்க போயி கேப்பாங்க? எந்த மேல்சபைக்கு எழுதுவாங்க? குற்றச்சாட்டு என்னன்னு எழுதிக் குடுத்தாங்களா, சாட்சி இருக்கான்னு பாத்தாங்களா, ஒண்ணும் கெடையாது. ஒழுங்கு நடவடிக்கைங்கற வார்த்தையே இல்லாத எடத்துல தான் நான் பாத்ததுலயே கொடூரமான ஒழுங்கு நடவடிக்கை நடந்துச்சு.

அதனால உங்க அஞ்சாவது கேள்விய பாத்ததும் வயித்த பெசஞ்சுது, ஆனா அதே கேள்வி தான் என்னைய இங்க பிடிச்சு நிறுத்தியும் வச்சிருக்கு, ரெண்டுமே நிஜம். ஏன்னா நான் உக்காந்து படிச்சேன். பிரெஸ்பிட்டேரியன் முறையில போதகர் ஒருத்தரா எதையும் முடிவு பண்ண முடியாது, அவரும் சபை தெரிஞ்செடுத்த மூப்பர்களும் சேந்த செஷன் தான் முடிவு பண்ணணும், அதுக்கு மேல பல சபைகளோட போதகர்களும் மூப்பர்களும் உக்கார்ற பிரெஸ்பிட்டரி இருக்கு, சில பிரிவுல நடுவுல சினாடு, எல்லாத்துக்கும் மேல பொதுச்சபை. பல பிரிவுகள்ல போதகர் அவரு ஊழியம் பண்ற சபைக்கு மெம்பரே கெடையாது, அவரு மெம்பரா இருக்கறது பிரெஸ்பிட்டரியில, அதாவது அவர விசாரிக்கிற அதிகாரம் அவரோட சொந்தக்காரங்க கையிலயும் இல்ல, அவரு பிரசங்கத்துக்கு கை தட்டுறவங்க கையிலயும் இல்ல. இதெல்லாம் படிச்சப்ப அந்த அக்காவ தான் நெனச்சேன். இப்படி ஒரு படிக்கட்டு அவங்களுக்கு இருந்திருந்தா ஒரு மேல்முறையீடாவது எழுதிருப்பாங்க.

இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப லேட்டா தான் புரிஞ்சுது. அந்த படிக்கட்டு பெரும்பாலும் மெம்பருக்கு தான். வந்துட்டு போறவ மேல உங்களால ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது, சரி, நல்லது தான், ஆனா அவளால உங்க மேல ஒரு புகார நடைமுறைப்படி நகத்தறதும் கஷ்டம், மூப்பர் தேர்தல்ல ஓட்டு போட முடியாது, செஷன் முடிவு தப்புன்னு பிரெஸ்பிட்டரிக்கு அப்பீல் பண்ண முடியாது. நான் ஒப்புக்குடுக்கறது என் மேல உங்களுக்கு அதிகாரம் குடுக்குதுன்னா, உங்க மேல எனக்கும் ஒரு பிடி குடுக்குது. வாடகை அக்ரிமெண்ட்ல ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கற மாதிரி. ஆனா உங்க ஃபார்ம்ல ஒரு பக்கம் தான் இருக்கு! நான் என்ன வாக்கு குடுக்கறேன்னு அஞ்சு வரி இருக்கு, நீங்க எனக்கு என்ன கடமைப்பட்டிருக்கீங்கன்னு ஒரு வரி கூட இல்ல. என்னோட மொத்த மனத்தாங்கலும் இது தான்.

நீங்க வாக்கு குடுக்கலன்னு நான் சொல்லல. குடுத்திருக்கீங்க, மெம்பர விட பெரிய வாக்கா குடுத்திருக்கீங்க. பிசிஏ சட்டத்துல மூப்பரா பதவி ஏக்கும்போது விசுவாச அறிக்கையையும் வினாவிடைகளையும் மனசார ஏத்துக்கறேன்னு சொல்றது மட்டும் இல்ல, பின்னால என்னைக்காவது அதோட அடிப்படையில ஒண்ணுல எனக்கு மாறுபாடு வந்தா யாரும் கேக்காமலே நானே செஷனுக்கு சொல்லிடுவேன்னும் வாக்கு குடுக்கணும். மெம்பருக்கு அந்த பாரம் கெடையாது, விசுவாசத்த நம்பத்தகுந்த விதமா அறிக்கை பண்ணா போதும். இது எவ்வளவு அழகான ஏற்பாடு, இத ஏன் புது மெம்பர் கிளாஸ்ல சொல்ல மாட்டேங்கறீங்க? தசமபாகத்துக்கு ஒரு முழு வகுப்பு போச்சு, மூப்பர் என்ன சத்தியம் பண்ணி வந்தாருங்கறதுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஒதுக்கல.

மூப்பர்கள் ஏத்துக்கறேன்னு வாக்கு குடுக்கற அந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைய நான் முழுசா படிச்சேன், 33 அதிகாரம், நல்லா தலைவலி வந்துச்சு. இங்கிலாந்துல ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை நடந்துட்டு இருந்த காலத்துல, 1643ல பார்லிமெண்ட் கூட்டின இறையியலாளர் சங்கம் எழுதினது. அதிகாரத்துல உக்காந்திருக்கறவங்க எழுதினதுன்னா தங்கள தூக்கி வச்சு எழுதிருப்பாங்கன்னு நெனச்சு தான் பிரிச்சேன். 31ம் அதிகாரத்துல வந்து நின்னுட்டேன், அப்போஸ்தலர் காலத்துக்கு அப்புறம் கூடின சினாடு, ஆலோசனை சங்கம் எதுவா இருந்தாலும் தப்பு பண்ணலாம், நிறைய தப்பு பண்ணியும் இருக்கு, அதனால அத விசுவாசத்துக்கு அளவுகோலா வைக்கக்கூடாதுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க, அவங்களே ஒரு சங்கமா உக்காந்துகிட்டு. 25ல வானத்துக்கு கீழ இருக்கற ரொம்ப சுத்தமான சபையிலயும் கலப்பும் தப்பும் உண்டுன்னு இருக்கு. 20ல மனசாட்சிக்கு தேவன் ஒருத்தர் தான் ஆண்டவர்னு இருக்கு. எங்க பழைய பாஸ்டர் இதுல எந்த வரியையும் மைக்ல சொல்லி நான் கேட்டதே இல்ல.

30ம் அதிகாரம் தான் சபை ஒழுங்கு பத்தினது. முதல்ல புத்தி சொல்றது, அப்புறம் கொஞ்ச காலத்துக்கு திருவிருந்துல இருந்து நிறுத்தி வைக்கிறது, கடைசியா சபைக்கு வெளிய தள்ளுறது, குத்தத்தோட தன்மைக்கும் ஆளுக்கும் தக்கபடி. இதுக்கு அடியில மத்தேயு 18 இருக்கு, "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து". தனித்திருக்கையில். மேடையில இருந்து ஜாடையா இல்ல. காகிதத்துல எல்லாம் சரியா தான் இருக்கு அண்ணன்மாரே. நான் கேக்கறது, நம்ம சபையில இது எப்படி நடக்குதுங்கறது. ஒருத்தர் மேல புகார் வந்தா அவருக்கு அத எழுத்துல குடுப்பீங்களா, கூட ஒரு ஆள கூட்டிட்டு வரலாமா, பொம்பளைங்க சம்பந்தப்பட்ட விஷயத்த ஆம்பளைங்க மட்டும் உக்காந்து தான் விசாரிப்பீங்களா, புகார் போதகர் மேலயே இருந்தா செஷனுக்கு தலைமை தாங்கற அவரே அந்த மீட்டிங்கையும் நடத்துவாரா, பிரெஸ்பிட்டரிக்கு லெட்டர் எழுதணும்னா யாருக்கு எந்த அட்ரஸுக்கு எத்தன நாளுக்குள்ள அனுப்பணும். இதுக்கு பதில் சட்ட புத்தகத்துல இருக்குன்னு சொல்லுவீங்க, இருக்கும், ஆனா அந்த புத்தகம் ஆபீஸ் அலமாரியில பூட்டி இருக்கு, நான் கேட்டப்ப சாவி யார்கிட்டன்னு தெரியாம ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், பிரெஸ்பிட்டரின்னா அதுலயும் இருக்கறது போதகர்களும் மூப்பர்களும் தான், ஒரே செமினரியில படிச்சவங்க, ஒருத்தர் வீட்டு கல்யாணத்துல இன்னொருத்தர் ஜெபம் பண்ணவங்க. ஒரு சாதாரண விசுவாசி ஒரு போதகருக்கு எதிரா அங்க போயி நின்னா யாரு பேச்சு எடுபடும்னு எனக்கு சந்தேகம் இருக்கு, இத மறைச்சு பிரயோஜனம் இல்ல. படிக்கட்டு இருக்கறதும் அதுல ஏற விடுறதும் வேற வேற. ஆனா ஏற விடலன்னா, நீங்க உங்க சட்டத்தயே மீறுறீங்கன்னு சொல்றதுக்காவது எனக்கு ஒரு எழுத்து இருக்கு. பழைய சபையில அது கூட இல்ல.

நல்லதையும் சொல்லணும்ல. வருஷாந்தர சபை கூட்டத்துக்கு நான் சும்மா பாக்க வந்திருந்தேன், ஓட்டு கெடையாது, ஓரமா உக்காந்திருந்தேன். பட்ஜெட் தாள் எல்லார் கையிலயும் இருந்துச்சு. ஒரு வயசான அம்மா மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, "பராமரிப்புன்னு போட்ருக்கீங்களே, போன வருஷத்த விட ஒண்ணரை மடங்கு கூட இருக்கே, என்னத்த பராமரிச்சீங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு பக்குன்னு ஆச்சு, இந்தம்மா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பொருளாளர் எந்திரிச்சு ஃபைல தொறந்து, கூரை ஒழுகினது, ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினது, பில்லு நம்பர் முதற்கொண்டு வாசிச்சாரு. அந்தம்மா "அப்ப சரி, அடுத்த தடவ மூணு கொட்டேஷன் வாங்குங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. மினிட்ஸ்லயும் அது ஏறுச்சு. யாரும் யேசபேல்னு சொல்லல. கூட்டம் முடிஞ்சு அந்தம்மா கூட போதகரே நின்னு டீ குடிச்சாரு. ஐயா, அன்னைக்கு தான் நான் ஃபார்ம் கேட்டு வாங்கினேன், உங்க பிரசங்கத்த கேட்டு இல்ல, மன்னிச்சிருங்க.

ஃபார்ம்ல இன்னொரு எடமும் சிக்கல் பண்ணுது. ஞானஸ்நானம் பெற்ற தேதின்னு ஒரு வரி விட்ருக்கீங்க. எனக்கு ரெண்டு தேதி இருக்கு. கைக்குழந்தையா இருக்கும்போது தண்ணி தெளிச்சு ஒண்ணு, அப்புறம் அந்த பழைய சபையில "தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமே இல்ல"ன்னு சொல்லி முழுக்கு ஞானஸ்நானம். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையோட 28ம் அதிகாரப்படி முழுக்கு அவசியம் இல்ல, ஊத்துனாலும் தெளிச்சாலும் சரி தான், ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவை தான், விசுவாசிக்கிற பெத்தவங்களோட பிள்ளைகளுக்கும் குடுக்கணும். அப்ப உங்க கணக்குல முதல் தேதி தான் செல்லும். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கறது ரெண்டாவது தான், மூச்ச பிடிச்சுட்டு தண்ணிக்குள்ள போனதும் வெளிய வந்ததும், அன்னைக்கு நான் பொய்யா எதுவும் சொல்லல. அதே அதிகாரத்துல ஞானஸ்நானத்தோட பலன் அது குடுக்கப்படுற அந்த நிமிஷத்தோட கட்டுண்டு இல்லன்னும் ஒரு வரி இருக்கு, அத பிடிச்சுட்டு தான் ரெண்டையும் எனக்குள்ள ஒரு மாதிரி சேத்து வச்சிருக்கேன், குழந்தையில குடுத்தது பலிச்சதுன்னு எனக்கு தெரிய வந்த நாள் அதுன்னு. இது இறையியல்படி சரியான்னு போதகர் தான் சொல்லணும். எந்த தேதிய எழுதணுங்கறதையும் சேத்து.

குழந்தை ஞானஸ்நானத்த நான் வாதத்துல ஏத்துக்கல, பாத்து தான் ஏத்துக்கிட்டேன். "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்"னு அப்போஸ்தலர் 2ல இருக்கறத காட்டி நீங்க உடன்படிக்கை, விருத்தசேதனம்னு விளக்குனப்ப பாதி தான் ஏறுச்சு. ஆனா ஒரு ஞாயிறு அந்த இளம் தம்பதி பிள்ளைய தூக்கிட்டு முன்னாடி வந்தாங்க, பிள்ளை ஐயாவோட கண்ணாடிய புடுங்க பாத்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் ஐயா எங்க பக்கம் திரும்பி, இந்த பிள்ளைய கிறிஸ்துவுக்குள்ள வளக்கறதுல பெத்தவங்களுக்கு துணையா இருக்கற பொறுப்ப சபையா ஏத்துக்கறீங்களான்னு கேட்டாரு. சுத்தி இருந்த அத்தன கையும் மேல போச்சு. என் கை பாதி தூரம் போயி நின்னுச்சு. நான் மெம்பர் இல்லையே, நான் தூக்கலாமான்னு தெரியல, தூக்குனா அதுக்கு அர்த்தம் இருக்கான்னும் தெரியல. அந்த பாதி கைய எனக்கு பிடிக்கல. அடுத்த பிள்ளைக்கு முழுசா தூக்கணும், இல்லன்னா கைய மடியிலயே வச்சிருக்கணும்.

முன்குறித்தல், அதாவது யாரு இரட்சிக்கப்படுவாங்கன்னு தேவன் முன்னாடியே தீர்மானிச்சுட்டாருங்கறது, அத பத்தி ரொம்ப இழுக்க விரும்பல. அறிக்கையோட 3ம் அதிகாரத்த மூணு தடவை படிச்சேன், இன்னும் தொண்டைக்குள்ள எறங்கல. அங்கயே இந்த ஆழமான இரகசியத்த விசேஷ விவேகத்தோடயும் ஜாக்கிரதையோடயும் கையாளணும்னு எழுதி வச்சிருக்காங்க, அத நம்ம இளைஞர் கூட்டத்துல இந்த போதனைக்கு பேர் போன கால்வின்னு ஆரம்பிச்சா விடிய விடிய பேசற தம்பிங்க கொஞ்சம் படிச்சா தேவல. எனக்கு உறுத்துறது 10ம் அதிகாரம். குழந்தையிலயே மரிக்கிற தெரிந்துகொள்ளப்பட்ட, அதாவது தேவன் இரட்சிப்புக்கு தெரிஞ்செடுத்த, சிசுக்கள் கிறிஸ்துவால இரட்சிக்கப்படுறாங்கன்னு இருக்கு. அப்ப தெரிந்துகொள்ளப்படாத சிசுன்னு ஒண்ணு உண்டா? எங்க அம்மாவுக்கு எனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து தங்காம போச்சு, அதனால இது எனக்கு புத்தக கேள்வி இல்ல. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை ஒண்ணு 1903ல இதுக்கு ஒரு விளக்கம் சேத்துச்சு, குழந்தையில மரிக்கிற யாரும் கெட்டுப்போறாங்கன்னு இந்த அறிக்கை போதிக்குதுன்னு எடுத்துக்கக்கூடாதுன்னு. உங்க நிலை என்ன? மெம்பர் இந்த அறிக்கைக்கு கையெழுத்து போட வேண்டியதில்லன்னு தெரியும், ஆனா கையெழுத்து போட்ட நீங்க பிரசங்கிப்பீங்க, நான் கேட்டுட்டு உக்காந்திருக்கணும். வகுப்புல நான் எந்திரிச்சு "இத என்னால இப்போதைக்கு ஏத்துக்க முடியல"ன்னு சொன்னா அது கலகமா, கேள்வியா?

மூப்பர் அண்ணன்மார்னு எழுதுறேன், அக்காமார்னு சேத்து எழுத வழி இல்ல, ஏன்னா நம்ம செஷன்ல யாரும் இல்ல. ஸ்காட்லாந்து சபையில பொம்பளைங்க 1966ல மூப்பர் ஆனாங்க, 1968ல போதகர் ஆனாங்க. பிசிஏ மாதிரி பிரிவுகள்ல இன்னைக்கும் கெடையாது, ரெண்டு பக்கமும் வேதத்த தான் காட்டுறாங்க. இதுக்காக நான் சேராம இருக்க போறதில்ல, ஆனா எனக்கு இதுல கருத்து இருக்குன்னு தெரிஞ்சே என்னைய சேத்துக்கங்க, பின்னால ஆச்சரியப்படாதீங்க. குறைஞ்சபட்சம், பொண்ணுங்க விஷயம் எதுவும் செஷனுக்கு வந்தா விவரம் தெரிஞ்ச ரெண்டு அக்காக்கள கூட உக்கார வச்சு கேளுங்க, எந்த சட்டமும் அத தடுக்கல.

அஞ்சாவது கேள்வியில இந்த தூய்மை, சமாதானம்னு சேத்து சொல்றீங்களே, ரெண்டையும் ஒரே வாக்குல எப்படி வச்சாங்கன்னு யோசிச்சு சிரிச்சிருக்கேன். பிரெஸ்பிட்டேரியன்காரங்க பிரியறதுல கெட்டிக்காரங்க. ஸ்காட்லாந்துல 1733ல ஒரு கூட்டம் பிரிஞ்சு போச்சு, போனவங்க 1747ல ஒரு சத்தியப்பிரமாணத்த பத்தி சண்டை போட்டு தங்களுக்குள்ள ரெண்டா பிரிஞ்சாங்க, அப்புறம் அந்த ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சுச்சு. ஆனா எல்லா பிரிவும் ஈகோ சண்டை இல்ல. 1843ல நானூறுக்கு மேல போதகர்கள் தாமஸ் சாமர்ஸ் தலைமையில வெளிய வந்தாங்க, சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டுட்டு. நிலக்கிழார் தன் இஷ்டத்துக்கு ஒருத்தர போதகரா நியமிக்கலாம், சபை வேண்டாம்னாலும் அரசு கோர்ட்டு அவர திணிக்கும்ங்கற நெலமைய அவங்களால சகிக்க முடியல. அந்த நியமன முறைய 1874ல சட்டம் போட்டு எடுத்தாங்க, 1929ல பிரிஞ்சவங்க பெரும்பாலும் ஒண்ணாவும் ஆனாங்க. அப்படி வீடு வாசல விட்டுட்டு வந்து வாங்கின உரிமை இது, ஆனா போதகர தெரிஞ்செடுத்து கூப்பிடுற தீர்மானத்துக்கு நம்ம சபையில எத்தன பேரு வந்து ஓட்டு போடுறாங்க? வருஷாந்தர கூட்டத்துல பாதி பெஞ்சு காலி. மெம்பர் ஆனவங்க மெம்பரா நடந்துக்கறதில்ல, இது செஷன் மேல இல்ல, பெஞ்சு மேல என் குறை.

காணிக்கை பத்தி ஒரே வரி, யாரு எவ்வளவு போடுறாங்கன்னு மூப்பர்களுக்கு தெரியுமான்னு சொல்லிடுங்க, தெரிஞ்சா தெரியும்னு சொல்லுங்க, அது போதும்.

வெளிய போற வழியையும் கேட்டு வச்சிக்கறேன், அபசகுனமா எடுத்துக்காதீங்க. நாளைக்கு வேற ஊருக்கு போனா மாத்து கடிதம் குடுப்பீங்க, அது தெரியும். உங்க கூட ஒத்துப்போகல, விலகுறேன்னு எழுதிக் குடுத்தா? மரியாதையா பேர எடுத்து விடுவீங்களா, இல்ல மூணு மாசம் ஆளு மாத்தி ஆளு வீட்டுக்கு வருவீங்களா? ஒரு தடவ வாங்க, அக்கறையா வர்றீங்கன்னு நெனப்பேன், டீ போட்டு தரேன். மூணாவது தடவ பயமா இருக்கும். எபிரெயர் 13ல நடத்துகிறவங்களுக்கு கீழ்ப்படிங்கன்னு இருக்கறது எனக்கு மனப்பாடம், பழைய எடத்துல வாரா வாரம் சொன்னாங்க, ஆனா அதே வசனத்துல அவங்க உங்க ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவங்கன்னும் இருக்கு. அந்த உத்தரவாதம் என்னன்னு தான் மொத்த லெட்டர்லயும் கேட்டுட்டு இருக்கேன்.

அதனால என் வேண்டுகோள் இது. அடுத்த செஷன் மீட்டிங்ல இத வாசிச்சு மினிட்ஸ்ல ஏத்துங்க. மூப்பர்கள் பதவி ஏக்கும்போது குடுத்த வாக்கையும், புகார், விசாரணை, அப்பீல் எப்படி நடக்கும்ங்கறதையும் ஒரு பக்கத்துல எளிய தமிழ்ல எழுதி இனிமே மெம்பர்ஷிப் ஃபார்ம் கூடவே குடுங்க, எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். சட்ட புத்தகத்த அலமாரியில இருந்து எடுத்து எல்லாரும் பாக்கற எடத்துல வைங்க. அந்த ஒரு பக்கம் கைக்கு வந்த அன்னைக்கு அஞ்சாவது கேள்விக்கு டிக் போட்டு குடுத்துடறேன், முன்குறித்தல் புரியுற வரைக்கும் காத்துட்டு இருக்க மாட்டேன், அதுக்கு ஆயுசு பத்தாது.

செஷன் முன்னாடி விசுவாச சாட்சி சொல்ல கூப்பிடுவீங்கன்னு தெரியும், சனிக்கிழமை சாயங்காலம்னா எனக்கு தோது. அம்மாவ கூட்டிட்டு வரலாமான்னு மட்டும் முன்கூட்டி சொல்லிடுங்க, அந்த 10ம் அதிகாரத்த பத்தி உங்ககிட்ட அவங்களே கேக்கணுமாம்.

கர்த்தருக்குள்,
கடைசி வரிசையில உக்கார்ற உங்க சகோதரி